கழி அறுத்த வாள்

இகராஷி வீட்டு வாசலுக்கு அந்த வருஷம் படி ஏற வேண்டியிருக்கவில்லை. இறங்க வேண்டியிருந்தது.

பனி கூரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரெய்ஜி மண்வெட்டியால் படி வெட்டிக்கொண்டே முன்னால் போக, அவன் மனைவி கினுயோவும் அக்கா ஷிகேயும் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார்கள். கினுயோவுக்குக் கிணற்றுக்குள் இறங்குவது போலிருந்தது. அடியில் போய்ச் சேர்ந்து அண்ணாந்து பார்த்தபோது வானம் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிந்தது.

"அப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு என் மேல கோபம். பனியை வரவழைச்சு வாசலை மூடிக்கிச்சு" என்றாள் ஷிகே.

பனிக்காலம் தொடங்கும் முன்புதான் அவர்கள் அப்பா இறந்திருந்தார். அதுவரை அவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்த ஷிகே, வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் தம்பியோடு வந்து தங்கிவிட்டாள். மாப்பிள்ளையாக நிச்சயித்தவன் போருக்குப் போய்த் திரும்பாததால் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது பக்கத்து வீட்டு தொகுஜி சொல்லியனுப்பியிருந்தார்: "உத்தரம் முனகுது. வந்து பனியைத் தள்ளுங்க. இல்லேன்னா வசந்தத்துல வந்து விறகு பொறுக்கிக்குங்க." காலையில் போய்க் கூரையைச் சுத்தம் செய்துவிட்டு மாலைப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்றுதான் மூவரும் கிளம்பி வந்தார்கள்.

ரெய்ஜி மேலே ஏறினான். பெண்கள் உள்ளே போனார்கள்.

பகல்தான். ஆனால் ஜன்னல்களுக்கு வெளியே குளிர்காலப் பலகை அடித்து, பலகைக்கு வெளியே பனி அடைத்து, வீடு மூடி போட்ட ஜாடி மாதிரி இருந்தது. மின்கம்பி எங்கோ அறுந்திருந்தது. கினுயோ மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். செருப்பு கழற்றும் மண்தரைக் கூடம், அதை ஒட்டி உயர்ந்த முன்னறை, அதற்கு அப்பால் தரையில் அடுப்புக்குழி வெட்டிய அறை, அதற்கும் பின்னால் சாமான் அறை. அவ்வளவுதான் வீடு. முன்னறையைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. பின்கதவு ஒன்று உண்டு. கூரையிலிருந்து சரிந்த பனி அதை என்றோ விழுங்கிவிட்டது.

கினுயோ அடுப்பு மூட்டி முள்ளங்கிச் சூப்புக்கு நீர் வைத்தாள். அதற்குள் ஷிகே சாமான் அறையிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்து வந்துவிட்டாள்.

"அண்ணி, அது எதுக்கு இப்போ? அவரு மேலருந்து இறங்கட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுப்போம்."

"அவனைக் கேக்கணுமா? மூக்கு ஒழுக என் முதுகுல தொங்கிக்கிட்டிருந்தவன். அம்மா செத்தப்போ அவனுக்குப் பல்லே முளைக்கல." ஷிகே மூடியைத் திறந்தாள். "அப்பா இருந்தவரைக்கும் இந்தப் பெட்டிப் பக்கம் நான் போகக் கூடாது. பொம்பளை மூச்சுப் பட்டா இரும்பு கெட்டுடுமாம். அவருக்குச் சோறு ஊட்டுன கைதானே இது? அப்போ கெடாதவரு, இப்போ இரும்பு கெடுமா?"

மர உறையிலிருந்து உருவினாள். விளக்கு வெளிச்சம் அதன் மேல் எண்ணெய் மாதிரி வழிந்து போயிற்று.

பார்க்க வாள்தான். ஆனால் எதுவோ இடித்தது. நுனியை நோக்கிப் போகப்போக மெலியாமல், மீன் வயிறு போல் அகன்று வளைந்தது. அடிப்பக்கம் குட்டையாக ஒரு பள்ளம் ஓடிச் சட்டென்று நின்றது.

"நல்லாப் பாரு. இது வாளே இல்ல" என்றாள் ஷிகே. குரல் தணிந்திருந்தது. "போர்க்காலத்துல எங்க பொம்பளைப் பள்ளிக்கூடத்துல மரத்துல செஞ்சு குடுத்து சுத்தச் சொன்னாங்களே, அந்த ஆயுதத்தோட தலை இது. ஆளைவிட உசரமா ஒரு கழி, அதோட முனையில இது. அப்புறம் யாரோ கழியைக் கழட்டி எறிஞ்சு, அடியை அறுத்து, முதுகைத் தேய்ச்சு, ஆம்பளை இடுப்புல செருகற மாதிரி ஆக்கிட்டாங்க."

"யாரு?"

"வேற யாரு? நம்ம முன்னோருதான். மலைக்கோட்டை ஒண்ணு விழுந்துச்சாம். உள்ள பொம்பளைங்களும் பிள்ளைங்களும். இடுக்கா ஒரே ஒரு வாசல். அதுல ஒருத்தி இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம். போனவன் எல்லாம் கால் போயித் திரும்பினான். கடைசில பின்பக்கமாத் தீ வச்சாங்க. அப்பவும் அவ நகரல. உள்ள இருந்தவங்களையும் வெளிய விடல. 'அவ விலகியிருந்தா நாலு பிள்ளைங்களாவது பொழைச்சிருக்கும்'னு அப்பா சொல்லுவாரு. தீ வச்சதே அவதாங்கற மாதிரி."

முன்னறைச் சுவரில் பதிந்திருந்த அலங்கார மாடத்தில் ஒரு காலித் தாங்கி இருந்தது. ஷிகே அலகை உறையில்லாமல் அதன்மேல் வைத்தாள். கை கூப்பவில்லை, லேசாகத் தலை குனிந்தாள், தெரிந்தவரைப் பார்த்தது போல.

மேலே கூரையில் ரெய்ஜி பனி தள்ளும் சத்தம். தொப்பென்று ஒன்று. தொப்பென்று இன்னொன்று.

கினுயோ அடுப்புக்குத் திரும்பினாள். ஒரு கருகல் நாற்றம் வந்தது. சூப்பைப் பார்த்தாள், இன்னும் கொதிக்கவே இல்லை. விறகு காய்ந்த விறகு. இது விறகு நாற்றமில்லை. மயிர் பொசுங்கும் நாற்றம்.

முன்னறைப் பக்கமிருந்து வந்தது.

"அண்ணி, ஏதாவது கருகுதா?"

ஷிகே பதில் சொல்வதற்குள் வெளிக்கதவு சரேலென்று திறந்தது. ரெய்ஜி. தோள் நிறையப் பனி, சிவந்த மூக்கு.

"ராணிங்க ரெண்டு பேரும் அடுப்படியில குளிர் காயுங்க, கூலிக்காரன் மேல விறைச்சுச் சாகட்டும்" என்று சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றினான். "வடக்குப் பக்கம் முடிச்சிட்டேன். தெக்குப் பக்கம் அப்படியே இருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு…"

முன்னறைக்குள் கால் வைத்தான்.

காற்றில் ஒரு சத்தம். துணியைக் கடைக்காரர் ஒரே இழுப்பில் கிழிப்பாரே, அது மாதிரி.

ரெய்ஜி சிரித்த முகத்தோடேயே கீழே பார்த்தான்.

முழங்காலுக்குக் கீழே கால்சட்டை ஒரு நேர்கோடாகத் திறந்திருந்தது. அதற்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

கத்தக்கூட இல்லை. முன்பக்கமாக விழுந்தான். கினுயோவும் ஷிகேயும் அவன் கைகளைப் பிடித்து அடுப்பறைக்குள் இழுத்துப் போட்டார்கள். ஷிகே தன் இடுப்புத் துணியை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். கினுயோ மாடத்தைப் பார்த்தாள்.

அலகு தாங்கியில் வைத்தபடியே இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

வெளிக்கதவு விரியத் திறந்திருந்தது. வெட்டிய படிகள் தெரிந்தன. மேலேயிருந்து சாம்பல் நிற வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைத்தால் வெளியே.

"நான் ஓடிப் போய் தொகுஜியைக் கூட்டிட்டு வரேன்" என்று கினுயோ எழுந்தாள்.

"சுவரோரமாப் போ. மாடத்தை விட்டுத் தள்ளிப் போ" என்றாள் ஷிகே. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கினுயோ மாடத்துக்கு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். அறையின் பாதிக்கு வந்திருப்பாள். மார்பின் குறுக்கே எதுவோ தடுத்தது.

கையால் தொட்டாள்.

மரம். மணிக்கட்டுத் தடிமன். அரக்குப் பூசி வழவழத்த, பனிக்கட்டியாய்ச் சில்லிட்ட மரம். வலக்கைப் பக்கம் தடவினாள், போய்க்கொண்டே இருந்தது. இடக்கைப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்திருந்தன.

காதோரம் புகை நாற்றத்தோடு ஒரு மூச்சு.

"வெளிய போகாதே, பெண்ணே. அவங்க நிக்கிறாங்க."

கினுயோ தள்ளிப் பார்த்தாள். அந்தக் கழி கோபப்படவில்லை. முரட்டுத்தனமும் காட்டவில்லை. குழந்தையைக் கிணற்றோரத்திலிருந்து விலக்குவது போல அவளை ஒரு நிதானத்தோடு பின்னுக்குத் தள்ளித் தள்ளி, அடுப்பறையில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

கழியையும் குரலையும் பற்றி ஷிகேயிடம் சொன்னாள். கேட்டதும் ஷிகே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு முன்னறை விளிம்புக்குப் போனாள். அலகின் மேல் விழும்படி சுழற்றி எறிந்தாள். பறந்துகொண்டிருந்த போர்வை நடுவழியில் இரண்டாயிற்று. பஞ்சு மெல்ல மெல்லத் தரையில் இறங்கியது.

அவர்களுக்கு மேலே உத்தரம் முனகியது.

"வடக்குல பாரம் இல்ல" என்றான் ரெய்ஜி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. "தெக்குல மொத்தப் பனியும் நிக்குது. ஒரு பக்கமா… வீடு சாயும். ரெண்டு பேரும் போங்க."

"போறதுக்கு வழியிருந்தா உன்கிட்ட உத்தரவு கேட்டுட்டா உக்காந்திருக்கோம்? வாயை மூடு" என்றாள் ஷிகே. கை மட்டும் அவன் நெற்றியை விட்டு எடுபடவில்லை.

கினுயோ சாமான் அறைக்கு ஓடினாள். அடுப்புக் கம்பியால் ஜன்னலை நெம்பினாள். வெளிப்பலகை உடைந்தது. பலகைக்கு அப்பால் பனி சுவராக இறுகி நின்றது. கம்பியால் குத்தினாள், நகத்தால் பிறாண்டினாள். ஒரு கை நீளம் தோண்டியதும் மேலேயிருந்து சரிந்து, தோண்டியதை அடைத்துவிட்டு அறைக்குள்ளும் கொட்டியது. கத்திப் பார்த்தாள். பனி அவள் குரலைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டது.

கூரையிலிருந்து வைக்கோல் தூசி உதிரத் தொடங்கியது.

அவள் திரும்பி வந்தபோது ஷிகே முன்னறையின் விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. ரெய்ஜியின் ரத்தம் காய்ந்த அவள் கைகள் மடியில் இருந்தன.

"எங்களுக்கும் அந்த வெட்டுதான் முதல்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் திரும்பாமல். "கால்ல வெட்டு. விழுந்தவன் எந்திரிக்க மாட்டான். அவ நம்மளக் கொல்லல, கினுயோ. காப்பாத்திக்கிட்டிருக்கா. வெளியிலருந்து வந்த ஆம்பளையை வெட்டினா. நம்மள உள்ளயே வச்சிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"அண்ணி, வேணாம். இங்க வந்துடுங்க."

ஷிகே இருட்டைப் பார்த்துப் பேசினாள். இப்படி ஒரு மரியாதைக் குரல் அவளிடம் இருந்ததையே கினுயோ அறிந்ததில்லை.

"ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. கால் வலிக்கும். கொஞ்சம் என்கிட்ட குடுங்க. நான் நிக்கிறேன்."

உத்தரம்கூட மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"உள்ள யாரு?" அந்தக் குரல். தீய்ந்த தொண்டையிலிருந்து வந்த மாதிரி.

"ஒரு பொண்ணு. அப்புறம்…" ஷிகே ஒரு கணம் நிறுத்தினாள். "ஒரு குழந்தை. தாயில்லாத குழந்தை. நான் முதுகுல கட்டி வளர்த்தது. அடிபட்டிருக்கு. வைத்தியர்கிட்ட கொண்டு போகணும்."

"வெளிய அவங்க…"

"நான் பார்த்துக்கறேன். எனக்கும் கத்துக் குடுத்திருக்காங்க."

ஷிகே எழுந்தாள். இடது காலை முன்னால் வைத்து, பக்கவாட்டில் திரும்பி நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள், ஒன்று மார்புக்கு முன்னால், ஒன்று இடுப்புக்குப் பின்னால். விரல்கள் மூடின. அவள் தோள்கள் சட்டென்று ஒரு பாரத்தை வாங்கிக் கீழே இறங்கியதைக் கினுயோ கண்ணால் பார்த்தாள்.

"இப்போ. இழுத்துக்கிட்டுப் போ."

கினுயோ புருஷனை அக்குளில் பிடித்து இழுத்தாள். முன்னறையைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். சில்லென்று ஏதோ அவர்கள் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது, கூடவே வந்தது, தொடவில்லை. மண்தரைக் கூடம். வாசல். பனிப்படி. முகத்தில் குளிர்காற்று பட்டதும்தான் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணி! வந்தாச்சு! போட்டுட்டு ஓடி வாங்க!"

ஷிகே அசையவில்லை. விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"அண்ணி!"

"கையை எடுக்க முடியலடி" என்றாள் ஷிகே.

அதுவரை இல்லாத பயம், சின்னப் பெண்ணின் பயம், அந்தக் குரலில் இருந்தது.

"பிடிச்சுட்டேன். விட வரல. அவ… அவ எனக்குப் பின்னால உக்காந்துட்டா. அப்பாடான்னு உக்காந்துட்டா, கினுயோ."

கினுயோ ரெய்ஜியைப் படியில் கிடத்திவிட்டு உள்ளே ஓடினாள். வாசல் நிலையைத் தாண்டவில்லை. அந்தக் கழி வந்து மார்பில் முட்டியது. இந்த முறை அதைப் பிடித்திருந்தது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள வராத. அவனைக் கொண்டு போ" என்றாள் ஷிகே. அழுதுகொண்டிருந்தாள். கழி கினுயோவைத் தள்ளியது.

கூரையின் தெற்குப் பக்கம், யாரோ பெருமூச்சு விட்டது போன்ற ஒரே சத்தத்தோடு உள்ளே இறங்கியது.

சத்தம் கேட்டு தொகுஜியும் ஊர்க்காரர்களும் ஓடி வந்தார்கள். ரெய்ஜியைப் பலகைச் சறுக்கில் கட்டி மலையடிவாரத்துக்கு இறக்கினார்கள். கால் பிழைத்தது, நடைதான் பழையபடி இல்லை. பனி நிற்காமல் பெய்ததால் ஷிகேயைத் தோண்டியெடுக்க நாளாயிற்று.

தொகுஜி அதைக் கினுயோவிடம் ஒருமுறைதான் சொன்னார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. உத்தரங்கள் அவளைச் சுற்றி விழுந்திருந்தன. ஒன்றும் அவள் மேல் விழவில்லை. ஷிகே நின்றுகொண்டே விறைத்துப் போயிருந்தாள். கைகள் வெறுமையாக, ஒன்றுக்கொன்று தள்ளி, எதையோ பிடித்தபடி. "விரலைப் பிரிக்க எங்களால ஆகலம்மா. அப்படியேதான் எரிச்சோம்."

அலகுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரெய்ஜி அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சம்மதிக்கவில்லை. கண்ணாலும் பார்க்கவில்லை. தொகுஜியே அதை உறையில் போட்டுக் கட்டி, பக்கத்து நகரத்துச் சின்ன அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

கினுயோ அங்கே போனது பல வருஷம் கழித்து, ஒரு கோடைகாலப் பிற்பகலில். ரெய்ஜி கூடவே வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. தெருவோர மரத்தடிப் பெஞ்சில் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நீ மட்டும் போய்ட்டு வா. எனக்கு வெயில் நல்லாருக்கு."

கண்ணாடிப் பேழைக்குள் வெள்ளைத் துணியின் மேல் அது கிடந்தது. 'நீள்கழி ஆயுதத்திலிருந்து மாற்றியமைக்கப்பட்ட வாள்' என்று பக்கத்தில் ஒரு அட்டை. வெளிச்சம் நன்றாக இருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே மரங்களில் பூச்சிகள் இரைந்துகொண்டிருந்தன. பயப்பட அங்கே ஒன்றுமில்லை. கினுயோ கை கூப்பி, ஷிகேயின் பெயரை மனதுக்குள் சொன்னாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமொன்று அந்த அறைக்குள் வந்தது. மூன்று பேர் கைகோத்து நுழையும் அளவுக்கு அகலமான வாசல் அது. பிள்ளைகள் வாசலுக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராக, தோளைக் குறுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார்கள். உள்ளே வந்ததும் மறுபடி கலகலத்தார்கள். அவர்களுடைய டீச்சரும் அப்படியே நுழைந்தாள். பின்னால் வந்த தடித்த மனிதர் ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு, "மன்னிக்கணும்" என்று முணுமுணுத்தபடி வந்தார்.

மூலை நாற்காலியில் இருந்த காவல்காரப் பெண் கினுயோ பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த ரூமுக்கு மட்டும் எல்லாரும் அப்படித்தாம்மா வருவாங்க. நானும் அப்படித்தான். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல. ரெண்டு பேரு நிக்கிறாப்பல, நடுவுல புகுந்து வரணும்னு தோணும்."

"ரெண்டு பேரா?"

"ஆமா. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்."

கினுயோ தலையசைத்தாள். பேழைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாசலை நோக்கி நடந்தாள். வாசலுக்கு அப்பால் கூடம், கூடத்துக்கு அப்பால் தெரு. பெஞ்சில் ரெய்ஜியின் தொப்பி தெரிந்தது.

நிலைப்படியில் அவள் நின்றாள். நிற்க வேண்டியிருந்தது.

சில்லென்ற மரம், மணிக்கட்டுத் தடிமன், அவள் மார்பில் குறுக்கே பட்டுக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை, தள்ளவில்லை. பின்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் இரேன்" என்றது இடப்பக்கம் பழகிய ஒரு குரல்.